பேங்க் ஏலத்தில் எடுத்த ஓசூர் வீடும் ஈ.சி.யில் கிடந்த ஒரு வரியும்

பத்திரம் ஒருவழியாகப் போன வாரம் கைக்கு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பேங்க் ஏலத்தில் வீடு எடுத்து, பழுது பார்த்து, வாடகைக்கு விடுவது அல்லது விற்பது என்று நானும் என் மச்சானும் சில வருடங்களாகச் செய்துவருகிறோம். தர்மபுரியில் எடுத்தவை வம்பில்லாமல் முடிந்தன. ஓசூர் வீடுதான் உலுக்கி எடுத்துவிட்டது. புதியவர்களுக்கு: சர்ஃபேசி என்பது கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம், இ.எம்.டி. என்பது ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்பணம்.

பாகலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, முப்பதுக்கு நாற்பது சைட், கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை, 42 லட்சம். அந்தத் தெருவில் அந்த அளவு வீடு 55-க்குக் கீழே பேசவே மாட்டார்கள். சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பதால் வாடகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அப்புறம் ஏன் இந்த விலை என்று ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்தது. 2016-ல் பத்திரத்தை ஒப்படைத்து பேங்குக்கு எழுதிக்கொடுத்த எம்.ஓ.டி. என்ற அடமானப் பதிவு ஒன்று. அதற்குக் கீழே, 2021-ல் சிவில் கோர்ட் ஜப்தி ஒன்று. வீட்டுக்காரர் யாரிடமோ புரோநோட்டில் கடன் வாங்கியிருக்கிறார், கொடுத்தவர் கேஸ் போட்டுவிட்டார். ஏல அறிவிப்பில் மட்டும் ‘தெரிந்த வில்லங்கம்: இல்லை’ என்று அழகாகப் போட்டிருந்தார்கள். 

சட்டப்படி இதில் பயப்பட எதுவுமில்லை. அடமானம் முந்தியது, ஜப்தி பிந்தியது. சர்ஃபேசியின் 26இ பிரிவு 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த பிறகு, செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் பதிவான பேங்க் கடனுக்குத்தான் மற்ற பாக்கிகளைவிட முன்னுரிமை. வக்கீலும் அதையே சொன்னார். ஜப்தியைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கினால் நமக்கு லாபம் என்றுதான் இறங்கினோம்.

இன்னொரு தைரியம், வீட்டின் சாவி பேங்கிடம் இருந்தது. இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. அறிவிப்பில் ‘சிம்பாலிக் பொசஷன்’ என்றிருந்தால், சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சர்ஃபேசியின் 14-வது பிரிவில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அட்வகேட் கமிஷனரும் (வீட்டைக் கைப்பற்ற நியமிக்கப்படும் வக்கீல்) போலீசும் போய் இறக்கிவிடும் வரை உங்கள் பணம் சும்மா தூங்கும். பாலக்கோடு பக்கம் ஒரு பண்ணை வீடு பாதி விலைக்கு வந்தது. பட்டாவில் இன்னும் புன்செய் என்றே இருந்தது. விவசாய நிலத்துக்கு சர்ஃபேசி செல்லாது என்று 31-வது பிரிவு சொல்கிறது, கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அதைத்தான் முதலில் பிடிப்பார். தொடவே இல்லை.

ஏலம் சுலபமாக முடிந்தது. எங்களைத் தவிர இரண்டு பேர்தான், 44.3 லட்சத்துக்கு எங்களுக்கு விழுந்தது. இ.எம்.டி.யோடு சேர்த்து 25 சதவீதம் மறு வேலை நாளே கட்டியாயிற்று. (50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு, மறந்துவிடாதீர்கள்.)

இனிதான் கதை. மீதி 33 லட்சத்துச் சொச்சத்துக்கு 15 நாள் கெடு. அதற்குள் கட்டாவிட்டால் கட்டியதும் போச்சு. பேங்க் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம் என்று விதியில் இருக்கிறது, ஆனால் அது அவர்கள் மனசைப் பொறுத்தது. கட்டுவதற்கு முன் பேங்கில் சில காரியங்களைக் கேட்டோம். உள்ளே கிடக்கும் சாமான்களை எடுக்க வேண்டும். ஏலத்தில் எடுத்தவருக்கு பேங்க் தரும் விற்பனைச் சான்றிதழின் வரைவை அச்சடிக்கும் முன் காட்ட வேண்டும். ஜப்தி பேங்கின் அடமானத்துக்குப் பிந்தியது, அது இந்த விற்பனையைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு கடிதம் தர வேண்டும்.

முதலாவது மட்டும் நடந்தது. வீட்டைக் கைப்பற்றியபோது அட்வகேட் கமிஷனர் எழுதிய பட்டியலில் பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, மிக்ஸி, உடைந்த சைக்கிள் என்று இருந்தன. பீரோ பூட்டியிருந்தது. இந்த நிலையில் சாவி வாங்கக் கூடாது. நாளைக்குப் பழைய வீட்டுக்காரர் வந்து பீரோவில் பத்துப் பவுன் இருந்தது என்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பேங்க் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் வந்து எடுத்துப்போய், கையெழுத்துப் போட்ட பிறகே நாங்கள் உள்ளே போனோம். 

மற்ற இரண்டுக்கும் ஒரே பதில்: “சர்டிபிகேட்டோட சேர்த்து வந்துடும் சார்.” கெடு முடிகிறது, வேறு வழியில்லை, பணத்தைக் கட்டினோம். முழுப் பணமும் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கிளையில் எங்கள் போனை எடுக்கவே ஆளில்லாமல் போய்விட்டது.

சான்றிதழ் வந்தது. சக்குபந்தியை (நான்கு எல்லை விவரம்) படித்தால் வடக்கில் இருபதடி ரோடு என்று இருக்கிறது. ரோடு இருப்பது தெற்கில். தாய்ப்பத்திரத்தில் சரியாகத்தான் இருக்கிறது, பேங்கில் டைப் அடித்தவர் திருப்பிப் போட்டுவிட்டார். திருத்தித் தரக் கேட்டால், கையெழுத்துப் போட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர், “நான் சைன் பண்ணினது இல்லையே சார், எப்படி மாத்தறது?” என்றார். நேரில் கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் மெயிலில் எழுத ஆரம்பித்தோம்: மண்டல அலுவலகம், குறை தீர்க்கும் அதிகாரி என்று எல்லோருக்கும் நகலோடு. அதன் பிறகுதான் திருத்திய சான்றிதழ் வந்தது. முதல் நாளிலிருந்தே மெயிலில் கேளுங்கள். கவுன்டரில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏலத் தொகையைவிட அரசின் வழிகாட்டி மதிப்பு குறைவு என்பதால் முத்திரைத் தீர்வையில் சண்டை வரவில்லை. ஆனால் கிளார்க் ஈ.சி.யை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஜப்தி இருக்கே சார். கோர்ட்ல அதை நீக்கிட்டு வாங்க” என்றார். தேதிகளைக் காட்டினேன். 26இ என்றேன். “அதெல்லாம் நீங்க சாரைப் பாருங்க.” சார் லீவு. அடுத்த தடவை சார் மீட்டிங். ஒருவழியாகப் பார்த்தபோது அவரும் கிளார்க் சொன்னதையே சொன்னார். வெளியே வந்தால் பத்திர எழுத்தர் தோளைத் தொட்டு, “ஜப்தி போட்டவரையே பார்த்து ஏதாச்சும் கொடுத்து முடிச்சிடுங்கண்ணா” என்றார். பார்த்தோம். அவர் கேட்ட தொகைக்குப் பேசாமல் கோர்ட்டுக்கே போகலாம்.

எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு வார்த்தை: ‘எழுதிக் கொடுங்கள்.’ பதிவு செய்ய மறுத்தால் காரணத்தைப் பதிந்து உத்தரவு தர வேண்டும் என்று பதிவுச் சட்டம் 71-வது பிரிவு சொல்கிறது. வாயால் மறுத்தால் மேல்முறையீடு செய்ய முடியாது, அதனால்தான் வாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். “எழுத்துல எதுக்கு சார்” என்று கொஞ்சம் குழைந்தார்கள். விடாமல் ஆவணத்தை முறைப்படி தாக்கல் செய்து, மறுப்புச் சீட்டைக் கையில் வாங்கினோம். அதன் பிறகு 30 நாளுக்குள் 72-வது பிரிவின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு.

இதற்கிடையில் மெயில் போராட்டத்தின் பலனாக பேங்கின் கடிதமும் வந்திருந்தது. விசாரணையன்று மாவட்டப் பதிவாளர் ஈ.சி.யை மேஜையில் விரித்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலை 2016 வரியின் கீழே வைத்தார், படித்தார். ஸ்கேலை 2021-க்கு இறக்கினார், அதையும் படித்தார். பேங்க் கடிதத்தையும் வக்கீல் கொடுத்த உயர்நீதிமன்ற உத்தரவு நகல்களையும் புரட்டினார். பதிவு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அதே கிளார்க்கிடம்தான் விரல் ரேகை வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சான்றிதழைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியதில்லை, பேங்க் நகலைச் சார்பதிவாளருக்கு அனுப்பி, அவர் கோப்பில் சேர்த்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வக்கீல் அந்த வழியையும் சொன்னார். ஆனால் நாளை நம்மிடம் வாங்குகிறவர் லோன் போட்டால் அவருடைய பேங்க் பதிவு செய்த பத்திரம்தான் கேட்கும்.

ஒரு செலவைச் சொல்ல விட்டுவிட்டேன். பழைய ஈ.பி. பாக்கியும் சொத்து வரி பாக்கியும் எங்கள் தலையில்தான் விழுந்தன. ‘உள்ளது உள்ளபடி’ ஏலத்தில் எடுத்தவரிடம் பழைய மின் பாக்கியைக் கேட்க விதிமுறை இருந்தால் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது, வாதாடிப் பயனில்லை. ஏலத் தொகையை முடிவு செய்யும் முன்பே மீட்டர் நம்பரைக் குறித்துக்கொண்டு போய் பாக்கி எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

ஜப்திப் பதிவு ஈ.சி.யில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை நீக்கக் கோரி சிவில் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறோம். அது முடியும் வரை விற்கிற யோசனை இல்லை. மேல் போர்ஷனுக்கு ஆள் வந்தாயிற்று, கீழே பெயின்ட் வேலை நடக்கிறது.