சிறுவாட்டுக் காசுக்கு அமெரிக்காவில் ஒரு முகவரி

வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ரொனால்ட் ரீட் என்றொருவர் இருந்தார். பெட்ரோல் பங்கில் சுமார் 25 ஆண்டுகளும் பிறகு ஜே.சி.பென்னி கடையில் துப்புரவுப் பணியாளராக 17 ஆண்டுகளும் வேலை செய்தவர். மேல்கோட்டில் பட்டன் போன இடத்தில் ஊக்கு குத்தியிருப்பார். ஓட்டியது பழைய டொயோட்டா யாரிஸ். 2014 ஜூனில், 92 வயதில் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர். அதில் ஊர் மருத்துவமனைக்கு 48 லட்சம், ஊர் நூலகத்துக்கு 12 லட்சம். கூட உட்கார்ந்து காபி குடித்தவர்களுக்குக்கூட அது தெரியாது.

இதைப் படித்ததும் ஊர் ஞாபகம் வராத தமிழர் இருக்க முடியாது. கிழிந்த பனியனோடு திண்ணையில் உட்கார்ந்திருந்து, காரியம் முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறக்கவைக்கிற பெரியவர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஆனால் ரீட்டின் பெட்டகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கும்போது மனசில் ஒன்று தைக்கிறது. ஐந்து அங்குல உயரத்துக்கு அடுக்கிய பங்குப் பத்திரங்கள், குறைந்தது 95 கம்பெனிகளுடையவை. லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானபோது அதிலும் அவருக்குப் பங்கு இருந்தது. மற்றவை அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டன. பத்திரங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்ல ஒரு உயிலும் எழுதி வைத்திருந்தார்.

அமெரிக்காவுக்கு வந்து குடியிருக்கும் நமக்குச் சிக்கனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு படுக்கையறை வீட்டில் நாலு பேர், படேல் பிரதர்ஸ் கடையில் 20 பவுண்டு அரிசி மூட்டைக்குத் தள்ளுபடி வரும் வாரம்வரை பொறுத்திருப்பது, வீட்டிலேயே முடிவெட்டும் மெஷின், ஒன்றரை லட்சம் மைல் ஓடிய கேம்ரி, தினமும் உறை ஊற்றிய தயிர். இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். கடுகு டப்பாவுக்குள் நாலாக மடித்த நூறு ரூபாய்த் தாள். அரிசிப் பானைக்கு அடியில் துணி முடிச்சு. மத்தியானத்தில் வந்து ஆர்.டி. பணம் வாங்கிப்போகும் போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட் அக்கா. நகைக்கடைச் சீட்டு. கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரியாமல் அப்பா உட்கார்ந்திருக்கும் ராத்திரியில், யாரும் கேட்காமலே அம்மா கொண்டுவந்து வைக்கும் சிறுவாடு.

அந்தச் சிறுவாடு ஒளிந்திருந்ததே தவிரத் தொலைந்ததில்லை. ஒருவர் போய்விட்டாலும் அடுக்களையைப் புரட்டினால் கிடைத்துவிடும். இந்த நாட்டில் ஒளித்த பணத்துக்கு அடுக்களை கிடையாது. கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் படிவமும்தான் அதன் வீடு. அவை எங்கே என்று மனைவிக்குத் தெரியாவிட்டால் சில ஆண்டுகள் அசையாமல் கிடந்து, மாநில அரசின் உரிமை கோரப்படாத சொத்துப் பட்டியலுக்குப் போய்ச் சேரும். நம் ஆட்கள் சேமிக்கத் தெரியாமல் இங்கே கஷ்டப்படுவதில்லை. சேமித்ததை வேலைக்கு அனுப்பாததாலும், அதற்கு முகவரி எழுதி வைக்காததாலும்தான் கஷ்டப்படுகிறார்கள்.

வேலைக்கு அனுப்புவது சுலபம். கம்பெனியில் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் இருந்தால், நாம் போடுவதற்கு ஈடாக அவர்களும் போடும் சதவீதம் வரைக்குமாவது முதல் சம்பளத்திலிருந்தே போட வேண்டும். 2026-இல் ஊழியர் தன் பங்காகப் போடக்கூடிய உச்சவரம்பு 24,500 டாலர். கம்பெனி தரும் பங்கு முழுதும் நமக்குச் சொந்தமாகப் பல இடங்களில் மூன்று ஆண்டுகள்வரை ஆகும், படிப்படியாகக் கொடுக்கும் இடங்களில் ஆறு ஆண்டுகள்வரை ஆகும். எச்1பி விசாவில் வேலை மாறிக்கொண்டே இருப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் கம்பெனி பங்கு நமக்குச் சொந்தமாகும் தேதியைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரம் பொறுத்தால் ஆயிரக்கணக்கான டாலர் கையில் நிற்கும்.

அடுத்தது கட்டணம். மாதம் 500 டாலர் வீதம் 30 ஆண்டுகள், ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் சுமார் 6,10,000 டாலர் சேரும். ஃபண்டின் ஆண்டுக் கட்டணம் ஒரு சதவீதத்தைத் தின்று வளர்ச்சி 6 ஆகக் குறைந்தால் கிடைப்பது சுமார் 5,02,000. அந்த ஒரு சதவீதத்தின் விலை ஒரு லட்சத்துக்கு மேல். 0.03, 0.04 சதவீதக் கட்டணத்தில், பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் குறியீட்டு ஃபண்டுகள் கிடைக்கிற நாடு இது. ரோத் ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு திறந்து பணம் போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பணம் உள்ளே போனதும் அது தானாக முதலீடாவதில்லை. ஃபண்டை நாமே வாங்காவிட்டால் ரொக்கமாகவே பல வருடம் தூங்கும். பழைய 401(கே)யை ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றுகிறவர்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு.

சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிக்கிறார்களே, அந்த சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு, வேலை செய்ததற்கான 40 கிரெடிட் வேண்டும். வருடத்துக்கு நாலுக்கு மேல் கிடையாது, ஆக குறைந்தது பத்து ஆண்டுகள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இல்லாததால் ஊரில் பி.எஃப். கட்டிய வருடங்கள் இதில் சேரா. தொகையைக் கணக்கிடுவது அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியில். 33 வயதில் வந்து 60-இல் ஓய்வுபெறுகிறவருக்கு எட்டு ஆண்டுகள் பூஜ்யமாக அதில் நிற்கும். பொதுவாகச் சொல்லும் சராசரித் தொகையை நம்பித் திட்டம் போடாமல், அரசின் இணையக் கணக்கில் தன் பெயருக்கு வரும் மதிப்பீட்டைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும்.

வீட்டிலிருக்கும் மனைவிக்கும் இங்கே சிறுவாடு உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. சேர்ந்து வரிக்கணக்கு தாக்கல் செய்யும் தம்பதியில் ஒருவருக்கு மட்டும் வருமானம் இருந்தாலும், மற்றவர் பெயரிலும் தனியாக ஐ.ஆர்.ஏ. வைக்கலாம். 2026-இல் 7,500 டாலர் வரை. கணக்கு அவருடைய பெயரில், அவருடைய சொத்தாக இருக்கும். எச்4 விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாமல், கணவர் சம்பளத்தில் தன் பங்கு எங்கே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இதைவிட நல்ல செய்தி இந்த வரிச் சட்டத்தில் இல்லை. அம்மா கடுகு டப்பாவில் ஒளித்ததை, மகள் தன் கையெழுத்தோடு வெளிச்சத்தில் வைக்கலாம்.

இவ்வளவும் சில வாரஇறுதிகளில் முடிகிற வேலை. முடித்தவர் இனி இங்கேதான் என்று நிம்மதியாக இருந்துவிடலாம், ஊரில் அம்மாவோடு சேர்ந்து ஒரு எஃப்.டி. இல்லாதவரை.

அந்த எஃப்.டி. ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது. முதல் இரண்டு வருடச் சேமிப்பை அனுப்பி, அம்மா பெயரை முதலில் போட்டு, ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்று எழுதி, வங்கியில் பழகிய மேலாளரிடம் கொடுத்தது. முதியவருக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி என்பதும் ஒரு காரணம். மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி விழுந்ததும் அம்மா போன் செய்து தொகையைச் சொல்வாள். அந்தக் குரலில் இருக்கும் நிறைவுக்காகவே போட்ட பணம் அது.

அமெரிக்க வரிச்சட்டத்துக்கு அந்தக் குரல் கேட்காது. இங்கே வரி நோக்கில் உள்நாட்டுவாசி ஆகிவிட்டவருக்கு, எச்1பி உட்பட, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (FBAR) என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். ஏறத்தாழ 9 லட்சம் ரூபாய். கூட்டுக் கணக்கில் பாதி என்று போடக் கூடாது, முழுத் தொகையும் காட்ட வேண்டும். பணம் முழுக்க அம்மாவுடையதாக இருந்தாலும் அப்படித்தான். சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., பி.பி.எஃப்., டீமேட், மியூச்சுவல் ஃபண்டு, சரண்டர் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் கணக்கில் வரும். இது வரிப் படிவத்தோடு போவதில்லை, நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவின் தளத்தில் தனியாக, இலவசமாகத் தாக்கல் செய்வது. கெடு ஏப்ரல் 15, கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு. ஒவ்வொரு கணக்கிலும் அந்த வருடத்தின் உச்ச இருப்பை எடுத்து, அமெரிக்கக் கருவூலம் வெளியிடும் டிசம்பர் 31 மாற்று விகிதத்தில் டாலராக்க வேண்டும்.

வட்டியிலும் சிக்கல் உண்டு. ஊரில் வருமானக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச், இங்கே ஜனவரி முதல் டிசம்பர். வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் பயன்படாது, 12 மாத அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்துக்கான என்.ஆர்.ஈ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. பி.பி.எஃப். வட்டியும் அதேபோல. வெளிநாடுவாழ் இந்தியரின் ஊர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கில் பிடித்த 30 சதவீத டி.டி.எஸ்.ஸை இங்கே அப்படியே முழுதாக ஈடுகட்ட முடியாது, வரி ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் வரவு கிடைக்கும்.

மிக மோசமான அடி மியூச்சுவல் ஃபண்டுக்குத்தான். ஊரில் நல்ல பழக்கம் என்று தொடங்கிய எஸ்.ஐ.பி. இந்த நாட்டுச் சட்டத்தில் பி.எஃப்.ஐ.சி. (முதலீட்டு வருமானத்திலேயே ஓடும் வெளிநாட்டு நிறுவனம்) என்ற வகைக்குள் விழுகிறது. விற்கும்போது வரும் லாபத்தை வைத்திருந்த ஆண்டுகளுக்குப் பிரித்து, உச்ச வரி விகிதத்தில் வரி போட்டு, அதன்மேல் வட்டியும் கேட்பார்கள். ஃபண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக 8621 படிவம். மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள், தம்பதிக்கு 50,000-க்குள் இருந்தால், விற்காத வருடங்களில் பொதுவாகப் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. விமானம் ஏறப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே விற்றுவிடுவது மேல். அந்த ஒரு விவரத்தை விசா நேர்காணலுக்குத் தயார்செய்து அனுப்புகிறவர்கள் யாரும் சொல்வதில்லையே என்பதுதான் ஆதங்கம்.

ஆறுதலும் இல்லாமலில்லை. வங்கி லாக்கரில் இருக்கும் நகை எஃப்பாரில் வராது. சொந்தப் பெயரிலுள்ள நன்செய் நிலமும் வராது, அதன் குத்தகை மட்டும் வருமானம். தாத்தா காலத்துக் கிணற்றடி நிலத்தையும் பாட்டியின் அட்டிகையையும் எந்தப் படிவத்திலும் எழுத வேண்டாம் என்று தெரியும்போது, பம்புசெட் சத்தத்தோடு அந்த வரப்பு முழுதும் ஒரு முறை மனசுக்குள் ஓடி நிற்கிறது. நிலத்தை விற்று அம்மா பணமாகக் கொடுத்தால் கதை வேறு. ஒரே வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பாக வந்தால் 3520 படிவம் கொடுக்க வேண்டும். வரி இல்லை, ஆனால் கொடுக்க மறந்தால் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம்வரை அபராதம்.

இத்தனை வருடம் தாக்கல் செய்யாதவர்கள் பயந்து கணக்கை மூடிப் பணத்தை இடம் மாற்ற வேண்டாம், அது சந்தேகத்தைக் கூட்டும். வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்குச் சீராக்கும் திட்டம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டு வரிக்கணக்கைத் திருத்தி, ஆறு ஆண்டு எஃப்பார் தாக்கல் செய்து, அந்த ஆண்டுகளின் ஆண்டிறுதி மொத்த இருப்புகளில் மிக அதிகமானதில் 5 சதவீதம் கட்ட வேண்டும். தெரியாமல் செய்த தவறுக்கு அபராதம் கணக்குக்கு ஒன்றாக இல்லை, ஆண்டு அறிக்கைக்கு ஒன்றாகத்தான் என்று 2023-இல் பிட்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்மேல் அரசு கேட்டது 27.2 லட்சம் டாலர், தீர்ப்புக்குப் பின் நின்றது 50,000.

இனி முகவரி. நியூயார்க்கில் 67 ஆண்டுகள் ஒரே சட்ட நிறுவனத்தில் செயலாளராக இருந்த சில்வியா ப்ளூம் 2016-இல் 96 வயதில் இறந்தார். வேலைக்கு சப்வேயில் போய்வந்தவர். சொத்தைச் சேர்த்தெடுத்தபோது மூன்று தரகு நிறுவனங்களிலும் 11 வங்கிகளிலும் 90 லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. நெருங்கிய உறவினருக்கே அது அதிர்ச்சி. உயில் இருந்ததால்தான் 62.4 லட்சம் ஏழை மாணவர்களின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. நம் வீடுகளில் உயில் பேச்சை எடுத்தாலே வாயில் நல்ல வார்த்தை வராதா என்று அதட்டுவார்கள். பரவாயில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உயிலுக்கும் முந்தியது கணக்குகளில் இருக்கும் வாரிசுப் பதிவு. இரண்டும் முரண்பட்டால் பதிவுதான் செல்லும். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது அப்பா பெயரைப் போட்டது பத்து வருடமாக அப்படியே இருக்கும். 401(கே)யில் மணமானவரின் துணைக்கு மத்தியச் சட்டமே உரிமை தருகிறது, ஐ.ஆர்.ஏ.வுக்கும் சாதாரணப் பங்குக் கணக்குக்கும் அந்தப் பாதுகாப்பு பல மாநிலங்களில் இல்லை. குடியுரிமை வாங்காமல் நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. அங்கே வசிக்கும்போது இறந்தால் அமெரிக்கப் பங்குகளிலும் ஃபண்டுகளிலும் 60,000 டாலருக்கு மட்டுமே மரண வரி விலக்கு, அதற்கு மேல் 40 சதவீதம்வரை போகும். வங்கியில் சும்மா கிடக்கும் வைப்புத் தொகைக்கு அந்த வரி கிடையாது.

இரண்டு பக்கத் தாள் போதும். எந்த நிறுவனம், கணக்கின் கடைசி நான்கு எண், வாரிசாக யார் பெயர், எந்த மின்னஞ்சலோடு இணைந்தது, உள்ளே நுழையும்போது கேட்கும் சங்கேதக் குறுஞ்செய்தி எந்தப் போனுக்கு வரும், லாக்கர் சாவி எங்கே. கடவுச்சொல்லைத் தாளில் எழுத வேண்டாம், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலியின் அவசர அணுகலை மனைவிக்கோ கணவருக்கோ கொடுத்துவிடலாம். ஊர்க் கணக்குகளுக்குத் தனித் தாள். 2025 நவம்பர் முதல் இந்திய வங்கி வைப்புகளுக்கு நாலு நாமினிவரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான். லீவுக்குப் போகும்போது இதற்கு ஒரு முழுக் காலை ஒதுக்க வேண்டும். அம்மாவின் ஆதார், பான், எஃப்.டி. ரசீதுகள், உங்கள் பாஸ்போர்ட், விசா நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். இன்னமும் உள்நாட்டுவாசிக் கணக்காகவே இருக்கும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றும் படிவத்தையும் அதே வரிசையில் நின்று கொடுத்துவிடலாம்.