கதவைத் திறந்தால் திரும்பும் கண்ணாடி

வாலாஜாபேட்டைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்தில் நின்ற லாரியின் கிளீனர் எங்கள் வண்டியின் இடதுபக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்து நிதானமாகத் தலை சீவிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்தேன். ஒரு பட்டனை அமுக்கினால் கண்ணாடி பழைய இடத்துக்கு வந்துவிடும் என்ற தைரியம். வண்டியை எடுத்த பிறகு அமுக்கினேன். வரவில்லை. அதில் எங்கள் சக்கரமும் கொஞ்சம் தார் ரோடும் மட்டும் தெரிந்தன.

சாதாரணக் கார் என்றால் சமாளித்திருக்கலாம். இது மச்சான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேன். பின்பக்கம் முழுக்கக் கட்டில், அலமாரி, சின்னக் கழிவறை என்று அடைத்து வீடாக்கிவிட்டார்கள். உள்கண்ணாடியில் பார்த்தால் கழிவறைக் கதவுதான் தெரியும். பின்னால் வருவது எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கக் கண்ணாடிகள் சொன்னால்தான் உண்டு. இடதுபக்கம் நுழைந்து முந்தும் பைக்குகளைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கையால் ஓரத்தை மெல்ல அழுத்தியும் திருப்பலாம்தான். மனைவி ஜன்னல் வழியே கையை நீட்டித் திருப்புவாள், நான் "இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போதும்" என்பேன். ஒருவழியாகச் சரிசெய்வோம். அப்புறம் மச்சான் ஓட்ட உட்காருவான். அவன் ஆறடி, நான் ஐந்தரை. மறுபடி முதலிலிருந்து. நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஏலகிரிக்கு, பதினான்கு கொண்டை ஊசி வளைவு. அதில் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படிக் கூவ முடியாது.

ரத்தினகிரி முருகன் மலை தெரிகிற இடத்தில் ஒரு புளியமர நிழலில் ஒதுக்கினேன். முதலில் ஃப்யூஸ். நன்றாக இருந்தது, வலது கண்ணாடி ஒழுங்காகத் திரும்பியதால் அதைப் பார்த்திருக்கவே தேவையில்லை. இடது வலது மாற்றும் திருகு நடுவில் நின்றால் இரண்டுமே வேலை செய்யாது, அதையும் பார்த்தாகிவிட்டது. டூல் பாக்ஸில், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லைட் இருந்தது. மே மாத வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, கதவின் உள்மூலையில் இருக்கும் முக்கோண பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். கிளிப்பைக் கதவின் போல்ட்டில் மாட்டி, ஊசியைக் கண்ணாடிக்குப் போகும் வயர்கள் இணையும் கப்ளரில் வைத்து, "மேலே அமுக்குடா" என்றேன். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, கண்ணாடி திரும்பவில்லை, ஆகவே மோட்டார் போச்சு. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வேலூருக்குள் வந்து முதலில் கேட்ட கடையிலும் அதையே சொன்னார்கள். மோட்டாரை மட்டும் மாற்ற முடியாது, கண்ணாடி முழு செட்டும் மாற்ற வேண்டும், ஆறாயிரம் ஆகும், சென்னையிலிருந்து வர இரண்டு நாள். நான் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். அந்த நேரத்தில் மனைவி தண்ணீர் வாங்க இறங்கினாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பட்டனோடு விளையாடிக்கொண்டிருந்த மகள் கத்தினாள்: "அப்பா, திரும்புது!"

திரும்பத்தான் செய்தது. மனைவி ஏறிக் கதவைச் சாத்தினாள், நின்றுபோனது. திறந்தாள், திரும்பியது. மச்சான், "அத்தான், பேய் பிடிச்ச வண்டியை என் தலையில கட்டிட்டானுங்க" என்றான். மனைவி மட்டும், "கதவுலதாங்க ஏதோ இருக்கு, வேற ஆளைப் பாருங்க" என்றாள்.

வேறு ஆளைத் தேடிப் போகும் வழியில் மக்கான் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். இடதுபக்கம் உரசுகிற மாதிரி ஒரு டவுன் பஸ், கண்ணாடியிலோ சக்கரம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கான நினைவுத் தூண் அங்கேதான் இருக்கிறது. அதை நிதானமாகப் பார்க்க அவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. (மக்கான் சிக்னலுக்கும், வருகிற வழியில் ஆற்காட்டில் வாங்கிய மக்கன் பேடாவுக்கும் சம்பந்தம் கிடையாது. மகள் கேட்டாள், அதனால் சொல்கிறேன்.)

பழைய பைபாஸ் ரோட்டில் வயரிங் மட்டும் பார்க்கும் ஒரு பாய் கிடைத்தார். அறுபது வயதிருக்கும். வந்தவர் எதையும் கழற்றவில்லை. கண்ணாடிக் கூட்டில் காதை வைத்து, "அமுக்குங்க" என்றார்.

"சத்தமே இல்லை சார். உர்ருனு சத்தம் வந்து கண்ணாடி திரும்பலைன்னா உள்ள பல்சக்கரம் போயிருக்கும். சத்தமே இல்லைன்னா கரண்ட் போகலை."

"வருது பாய். நானே டெஸ்ட் லைட் வெச்சுப் பார்த்தேன்."

"வருது சரி. திரும்பிப் போக வழி இருக்கா?"

அங்கேதான் நான் கோட்டை விட்டது புரிந்தது. கண்ணாடிக்குள் இரண்டு குட்டி மோட்டார்கள். ஒன்று மேலும் கீழும் அசைக்கும், மற்றது இடமும் வலமும். இரண்டுக்கும் சேர்த்து நான்கு வயர் வர வேண்டும் என்று தோன்றும். எங்கள் வண்டியில் வருவது மூன்றுதான். மோட்டாருக்கு ஒன்று வீதம் தனி வயர் இரண்டு, மூன்றாவது இரண்டுக்கும் பொது. மேலே அமுக்கினால் தனி வயரில் பிளஸ், பொது வயரில் மைனஸ். கீழே அமுக்கினால் அப்படியே மாறிவிடும், பொது வயரில் பிளஸ் வரும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுவது அதனால்தான். நான் மேலே மட்டும் அமுக்கச் சொன்னேன், தனி வயரில் லைட் எரிந்தது. கீழே அமுக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பாய் அதைச் செய்தார். கதவைச் சாத்திவிட்டுக் கீழே அமுக்கினால் பொது வயரில் லைட் எரியவில்லை. வலது என்று அமுக்கினாலும் இல்லை. கதவைத் திறந்தால் எரிந்தது. அப்புறம் கப்ளரைப் பிடுங்கி, மூலையில் கிடந்த பழைய பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தார். கண்ணாடி சமர்த்தாக மேலும் கீழும் ஆடியது. ஆறாயிரம் ரூபாய் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

கதவுக்கும் வண்டியின் தூணுக்கும் நடுவே, கீல் பக்கம், யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் வயரெல்லாம் அதன் வழியாகத்தான். ஒவ்வொரு முறை திறந்து சாத்தும்போதும் அவை ஒரே இடத்தில் மடங்கி நிமிரும். பாய் அந்த ரப்பரை உருவிவிட்டு ஒவ்வொரு வயராக விரலால் இழுத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் ஜவ்வு மாதிரி நீண்டது. வெளித்தோல் முழுசாக இருந்தது. உரித்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்து பச்சை பூத்திருந்தன. கதவு திறந்திருக்கையில் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் விலகும். பேய் அவ்வளவுதான்.

"எப்பவும் டிரைவர் பக்கம்தான் முதல்ல போகும். உங்களுது இந்தப் பக்கம் போயிருக்கே?" என்றார். பக்கவாட்டுக் கதவை அடைத்து அடுப்பு மேடை போட்டிருப்பதையும், வீடே இடது முன்கதவு வழியாகத்தான் ஏறி இறங்குகிறது என்பதையும் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு மின்விசிறி, பேசின் எல்லாம் பிடித்திருந்தது. கழிவறையைப் பார்த்துத்தான் ஏனோ சிரித்தார்.

அறுந்த இடத்திலேயே ஒட்டுப்போட்டுவிடுவார் என்று நினைத்தேன். மாட்டேன் என்றார். ஈயம் வைத்த இடம் கம்பி மாதிரி விறைக்கும், மடங்குகிற இடத்தில் அது இருந்தால் பக்கத்திலேயே மறுபடி முறியும். அதனால் ரப்பருக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி வெட்டி, நடுவில் மெல்லிய இழைகள் நிறைய உள்ள புது வயரைக் கொடுத்தார். ஒட்டு இரண்டும் மடங்காத இடத்துக்குப் போய்விட்டன. ஸ்லீவ் போட்டு லைட்டரால் சுருக்கினார். பக்கத்து வயர்கள் இரண்டும் இறுகியிருந்தன, அவற்றையும் அப்படியே மாற்றினார். ஒன்றரை மணி நேரம், நானூறு ரூபாய்.

அதற்குள் மற்ற மூவரும் ஆட்டோ பிடித்துக் கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வந்தார்கள். கல்யாண மண்டபத் தூண்களைப் போட்டோவில் நானும் பார்த்தேன்.

மறுநாள் காலை பொன்னேரியில் மலைச்சாலைக்குத் திரும்பினோம். ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். மகள் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். ஓட்டியது மச்சான். திருப்பத்துக்குத் திருப்பம் இடது கண்ணாடியைக் கீழே சாய்த்துப் பின்சக்கரம் கல்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது என்று பார்த்தான், நேரானதும் மேலே ஏற்றினான். உர், உர் என்று அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேலே போய் நிறுத்தியதும் டிரைவர் பக்க ரப்பரை உருவிப் பார்த்தேன். வெடிப்பு விழ ஆரம்பித்திருக்கிறது. பாயிடம் கேட்டு வாங்கிய இரண்டு மீட்டர் வயர் டூல் பாக்ஸில் இருக்கிறது.