கழுத்தடியை யாரும் காட்டுவதில்லை

திருகோணமலையில் கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்துவதுதான் என் தொழில். ட்ரயலுக்கு வருகிற பிள்ளைகள் போனைத் திறந்து படம் காட்டுவார்கள். முக்கால்வாசி இந்தியக் கலியாணப் படங்கள், எல்லாமே முன்பக்கம். எனக்குத் தேவையானது பின்பக்கம். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் மாப்பிள்ளை மஞ்சள் கயிறு முடிவதில்லை, தாலிக்கொடியின் சுரை என்ற திருகைப் பூட்ட வேண்டும். மேளம் கொட்டி முழங்க, கமராக்காரர் ஒரு பக்கம் அவசரப்படுத்த, நடுங்கும் விரலோடு மாப்பிள்ளை பொம்பிளையின் பிடரியில் தடவும்போது அங்கே சவரியும் பூச்சரமும் குவிந்து கிடந்தால் என்ன நடக்கும்?

அதனால் சடையின் அடியைப் பிடரியிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றித்தான் கட்டுவேன். சொந்த முடியில் முதலில் சின்னதாக ஓர் இறுக்கமான பின்னல், அதன் மேல் சவரி. பிடரியில் நிற்கும் பூனைமுடியை ஜெல் போட்டு மேலே வாரிவிடுவேன். ஒரு முடி சுரையில் சிக்கினாலே முகம் சுளிக்கும், அந்தச் சுளிப்புத்தான் அல்பத்தில் நிற்கும். கழுத்தடிப் பூவைத் தாலி ஏறின பிறகுதான் குத்துவேன். ‘பூ குறைவாக் கிடக்கு’ என்று மாமிமார் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கூறைச் சேலை மாற்றுவது இன்னொரு கூத்து. மணவறையில் கூறையை வாங்கிக்கொண்டு பொம்பிளை அறைக்குள் வந்து கால் வைக்கவில்லை, “பொம்பிளையக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று ஐயர் மைக்கில் கூப்பிடத் தொடங்கிவிடுவார். அந்த நேரத்தில் தலையில் கை வைக்கவே முடியாது. நெற்றிச்சுட்டியும் சடையும் அசையாமல் சேலை மட்டும் மாற வேண்டும். முன்பக்கம் கொக்கி வைத்த பிளவுஸ் தையுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

தலைமுழுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதுதான் கழுவிய முடி வழுக்கும், ஊசி நிற்காது. முதல் நாளே முழுகிவிடுவது நல்லது என்று எந்த பியூட்டிசியனும் சொல்வார். ஆனால் இங்கே பால் அறுகு வைத்து முழுக வார்க்கும் சடங்கு இருக்கிறதே! பெரியம்மாமார் வஞ்சகமில்லாமல் ஊற்றுவார்கள். சடங்கை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, துணிவும் இல்லை. விடியவே முடித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்பேன். பிறகு வேர்வரை நன்றாகக் காய வைத்து, வேரில் ஸ்பிரே அடித்துவிட்டுப் பின்னத் தொடங்குவேன்.

கைக்கு வருவோம். மருதாணி போட்டு எடுத்தவுடன் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில்தான் கறுத்துச் சிவக்கும். ஞாயிறு கலியாணம் என்றால் வெள்ளிக்கிழமை போடுங்கள். போட்டவுடனேயே கறுப்பாகப் பிடிக்கும் கோன் வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்பு, தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற இரசாயனத்தால் வருவது. சிலருக்குக் கை கொப்பளித்துவிடும்.

நகத்தை விரல் நுனிக்கு மேல் ஒரு சின்னக் கோடு அளவுக்கு வளர்த்தால் போதும். மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில்தான் அது வளரும், ஆகவே கடைசி வாரத்தில் அவசரப்பட்டுப் பயனில்லை. அராவும்போது ஒரே திசையில் அராவுங்கள். நகத்தின் அடித்தோலை வெட்டவே வேண்டாம், நகச்சுத்து வந்தால் கியூடெக்ஸ் மறைக்காது. நீள ஒட்டுநகத்தோடு வந்த ஒரு பிள்ளை ட்ரயலன்று கேட்டாள்: “அக்கா, இதோட சோறு எப்பிடித் தின்னுறது?” சரியான கேள்வி. மாப்பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதும் அதே பிரச்சினைதான், எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கால் நகத்தையும் மறந்துவிடாதீர்கள். அம்மியில் கால் வைத்து மெட்டி போடும்போது கமரா அங்கேதான் நிற்கும்.

ஆனியில் கலியாணம் வைத்து, அப்புறம் கோணேசர் கோயிலுக்கும் போகிறவர்கள் விரித்த முடியை ஆசைப்பட வேண்டாம். கோயில் இருக்கும் சுவாமிமலையில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிடும். கொண்டையே நல்லது.

ட்ரயலுக்கு வரும்போது கொடி எத்தனை பவுண் என்று கேட்பேன். உங்கள் சீதனக் கணக்கு எனக்கெதற்கு? பாரமான கொடி கழுத்தில் எங்கே வந்து இருக்கும் என்று தெரிந்தால்தான் சடையை எவ்வளவு மேலே ஏற்றுவது என்று முடிவெடுக்கலாம்.