ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் வீட்டில் யார் விழித்திருப்பார்கள்?

போன கிருத்திகைக்கு டெல்லி மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்தோம். படி இறங்கும்போது பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் என் மகளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், பாப்பா கண்ணாடி போட்டிருந்தாளே?" என்றார். ராத்திரி லென்ஸ் போட்டுத் தூங்குகிறாள், பகலில் கண்ணாடி வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக எல்லாரும் கேட்பதுதான்: "எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்? என் பேரனுக்கு ஏழு ஆகுது." செருப்பு விடும் இடத்தில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் கண் டாக்டர் இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன், மயூர் விஹாரில் இருக்கிறேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டை ஒட்டிய பவர். அம்பாசமுத்திரத்தில் படித்த காலத்தில் என் சொந்தப் பெயரை வாத்தியார்கள் மட்டும்தான் சொல்வார்கள். மற்ற எல்லாருக்கும் நான் சோடாபுட்டி. அதனால் பெரியவனுக்கு எட்டு வயதில் மைனஸ் ஒன்றரை என்று சொன்னபோது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. அப்பனுக்கு இருக்கிறது, பிள்ளைக்கும் வரும், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கடைக்காரர் பவரை ஏற்றிக் கொடுப்பார். பையன் புது ஃப்ரேம் கிடைத்த சந்தோஷத்தில் வருவான். பதின்மூன்று வயதில் மைனஸ் ஐந்தே கால். இடையில் ஒருவர்கூட "விழியின் நீளத்தை அளந்தீர்களா?" என்று கேட்கவில்லை. அளக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

சின்னவளுக்கு மூன்றாம் வகுப்பில் போர்டு தெரியவில்லை என்று டீச்சர் எழுதி அனுப்பியபோதுதான் விழித்துக்கொண்டேன். இந்தத் தடவை கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்ததில் மைனஸ் ஒன்றே முக்கால். விழியின் நீளம் 23.9 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கே சுமார் 24 இருந்தால் சரியான அளவாம். இவள் எட்டு வயதிலேயே அதைத் தொட்டுவிட்டாள். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழி தேவைக்கு மேல் நீண்டுபோவதுதான் என்றும், ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று பவர் ஏறும் என்றும் டாக்டர் விளக்கினார். ரொம்ப நீண்டுவிட்டால் பிற்காலத்தில் விழித்திரை இழுபட்டுக் கிழியும் ஆபத்தும் கூடும். கண்ணாடி எழுத்தைத் தெளிவாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி நீள்வதைத் தடுப்பதில்லை.

அங்கேதான் ஆர்த்தோ-கே என்ற வார்த்தையை முதலில் கேட்டேன். ராத்திரி படுக்கும்போது கெட்டியான, காற்றுப் புகும் லென்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். காலையில் கழற்றினால் அன்று முழுக்கப் பார்வை தெளிவாக இருக்கும். கருவிழியின் (கார்னியாவின்) மேல் தோல் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம்தான். லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணீர்ப் படலத்தின் அழுத்தத்தில் அந்தத் தோல் நடுவில் கொஞ்சம் மெலிந்து, சுற்றிலும் கொஞ்சம் தடிக்கிறது. நடுவில் மெலிவதால் பார்வை தெளிகிறது. சுற்றிலும் ஒளி விழும் விதம் மாறுவதால் விழி நீள்வதும் மட்டுப்படுகிறது என்கிறார்கள். லென்ஸை நிறுத்தினால் கருவிழி மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் வீடு ரெண்டுபட்டது. "ஏல, பிள்ள கண்ணுக்குள்ள சில்லு மாதிரி ஒண்ண வச்சுத் தூங்கப் போடுதியே, புத்தி கெட்டா போச்சு உனக்கு?" என்றாள். அரைமணி நேரம் நான் விளக்கியதைக் கேட்டுவிட்டுக் கடைசியில் அவளே, "பாயில படுத்து எந்திச்சா கன்னத்துல கோரத் தடம் விழுமே, மத்தியானத்துக்குள்ள மறஞ்சிருமே, அது மாதிரியா?" என்று கேட்டாள். அம்மா பத்தமடைக்காரி. நான் இணையத்தில் பார்த்த எந்தப் படமும் இவ்வளவு நன்றாக விளக்கவில்லை. என்ன, இந்தத் தடம் மறைய மத்தியானம் போதாது, சில நாள் ஆகும்.

சரி, வயது. முதலில் போன இடத்தில் நாற்காலியில் உட்காரும் முன்பே பதில் தயாராக இருந்தது: "எட்டா? ரொம்ப நல்ல வயசு, இன்னைக்கே முன்பணம் கட்டிருங்க." கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கும் டோபோகிராஃபி என்ற சோதனையைக்கூட அவர்கள் செய்யவில்லை. அந்தப் படம் இல்லாமல் இந்த லென்ஸை அளவெடுப்பது, காலை அளக்காமல் செருப்புத் தைப்பது போல. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்து டாக்டரம்மா எல்லாவற்றையும் அளந்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு இந்தியில் கேட்டார்: "ராத்திரி ஒன்பதரைக்கு உங்க வீட்ல யார் முழிச்சிருப்பாங்க?" எனக்குப் புரியவில்லை. என் ஆபீஸில் மார்ச் மாதம் என்றால் பதினொன்றுக்குத்தான் வீடு திரும்புவேன். மனைவிக்கு அப்போது நொய்டாவில் மாலை ஷிப்ட். அம்மாவுக்குக் கை நடுக்கம். "அப்போ இந்த லென்ஸைத் தினமும் யார் போட்டுவிடுவாங்க?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எண்களையும் அவர் மறைக்கவில்லை. 2012-ல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வு ஒன்று 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தது. கண்ணாடி போட்டவர்களுக்கு விழி சராசரியாக 0.63 மி.மீ. நீண்டது, ராத்திரி லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36. அதாவது 43 சதவீதம் குறைவு. கணக்குப் பார்ப்பவன் என்பதால் நான் அதற்குள் இருந்த இன்னொரு எண்ணில் நின்றுவிட்டேன். கண்ணாடி போட்ட 7-8 வயதுப் பிள்ளைகளில் 65 சதவீதம் பேருக்கு வருஷத்துக்கு ஒரு பவருக்கு மேல் ஏறும் வேகம். 9-10 வயதில் அது 13 சதவீதம்தான். லென்ஸ் போட்ட சின்னப் பிள்ளைகளில் அந்த 65, 20-ஆக இறங்குகிறது. ஆக, சின்ன வயதில்தான் கண் ஓடுகிறது, பிடிப்பதால் லாபமும் அப்போதுதான் அதிகம்.

எதிர்ப்பக்கம் இன்னொரு எண். 2013-ல் அமெரிக்காவில் போட்ட ஒரு மதிப்பீட்டின்படி, பத்தாயிரம் பிள்ளைகள் ஒரு வருஷம் இந்த லென்ஸ் போட்டால் சுமார் 14 பேருக்குக் கருவிழியில் கிருமித்தொற்று வரலாம். சின்ன எண்தான். ஆனால் அந்தத் தொற்று கருவிழியில் தழும்பை விட்டுப் பார்வையையே கெடுத்துவிடக்கூடியது. அதில் ஒரு முக்கியமான குற்றவாளி குழாய்த் தண்ணீர். அகந்தமீபா என்ற நுண்ணுயிரி குழாய்த் தண்ணீரில் இருக்கலாம், ஒரு தடவை கண்ணில் குடியேறினால் கிளப்புவது பெரும்பாடு. எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடித் தொட்டியை நான் ஏறிப் பார்த்திருக்கிறேன். "ஆர்.ஓ. தண்ணில கழுவலாமா?" என்று கேட்டேன். அதுவும் கூடாதாம். லென்ஸையும் அதன் டப்பாவையும் எந்தத் தண்ணீரும் தொடக்கூடாது, அதற்கென்று உள்ள திரவம் மட்டும்தான்.

ஆகவே நாங்கள் அன்று ஆரம்பிக்கவில்லை. பவர் ஏறுவதை மட்டுப்படுத்த 0.01 சதவீத அட்ரோபின் என்ற சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார், தினமும் ராத்திரி ஒரு சொட்டு. அதோடு தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விடச் சொன்னார். இங்கே டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எய்ம்ஸ் செய்த, 2015-ல் வெளிவந்த ஆய்விலும், அவ்வளவு நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவாகத்தான் இருந்தது. அதே ஆய்வில் நூற்றுக்கு 13 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முந்தைய டெல்லிக் கணக்கில் 7 சொச்சம். வெளியே விடுங்கள் என்று சொல்வது சுலபம். நவம்பரில் காற்று மாசின் அளவுகோல் நானூறைத் தாண்டி, சின்ன வகுப்புகளுக்குப் பள்ளியையே மூடும் ஊரில் பிள்ளையை எங்கே விட? ஒரு கண்ணுக்காக நெஞ்சைக் கெடுக்கவா? மார்ச் முதல் அக்டோபர் வரை விட்டோம், மற்ற மாதங்களில் ஜன்னலோடு சரி.

அந்த வருஷத்தில் அவளுக்கு மைனஸ் இரண்டே முக்கால் ஆனது. நீளம் 24.3. காத்திருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அந்த 0.4 மில்லிமீட்டர் என்று சில ராத்திரிகளில் தோன்றும். ஆனால் மனைவி பகல் ஷிப்டுக்கு மாறியது அந்த வருஷத்தில்தான். மகளும் வேறு பிள்ளையாக மாறியிருந்தாள். பணம் கட்டும் முன் இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை வைத்தோம். லென்ஸ் கிடையாது. ஒன்பது மணிக்குக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், டவலில் துடைக்காமல் பஞ்சு உதிராத காகிதத்தில் ஒற்ற வேண்டும், கீழே பார்க்காமல் அசையாமல் உட்கார வேண்டும், நான் ஒரு சொட்டுக் கண்ணீர் மருந்து விடுவேன். முதல் வாரம் மூன்று நாள் அழுகை. ஒருநாள் நானே மறந்து தூங்கிவிட்டேன். இரண்டாவது வாரம் ஏழாம் நாள் அவளே வந்து, "அப்பா, நீங்க கை கழுவலையே" என்றாள். மறுநாள் போய்ப் பணம் கட்டினேன். அன்று அவளுக்கு ஒன்பது வயது, ஒரு மாதம்.

லென்ஸ் வந்தபிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வலது கண்ணுக்குப் பச்சை, இடதுக்கு நீலம். சாப்பாட்டு மேஜையில் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து அதன் மேல்தான் எல்லா வேலையும், லென்ஸ் விழுந்தால் 'டிங்' என்று கேட்கும். காலையில் உடனே பிடுங்கக் கூடாது. சொட்டு விட்டு, கண்ணைச் சிமிட்டி, லென்ஸ் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் காலையிலேயே டாக்டரிடம் காட்டினோம், அப்புறம் ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். பத்தாம் நாள் பால்கனியில் நின்று எதிர் அடுக்ககத்துக் கொடியில் என்ன துணி காய்கிறது என்று வாசித்துக் காட்டினாள்.

தீபாவளிக்கு ஊருக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் போனோம், இரண்டு ராத்திரி. ரயில் பெட்டியில் கை கழுவும் இடத்தைப் பார்த்ததும் லென்ஸ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் நடைமேடைப் பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்க ஆரம்பித்தாள். பழைய குறைந்த பவர் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பயந்தது ஒரே ஒரு நாள். நவம்பர் இறுதி, புகை மண்டிய காலை, இடது கண் சிவந்திருந்தது. "லேசா உறுத்துதுப்பா, நேத்தே உறுத்துச்சு" என்றாள். அந்த 'நேத்தே'தான் வயிற்றைக் கலக்கியது. மறுநாள் அவளுக்குப் பள்ளியில் நடனம், சொன்னால் லென்ஸை நிறுத்திவிடுவோம் என்று மறைத்திருக்கிறாள். அன்றே ஓடினோம். தொற்று இல்லை, உராய்வுதான், ஒரு வாரம் லென்ஸ் வேண்டாம் என்றார்கள். கண்ணாடியோடுதான் ஆடினாள். சிவப்பு, வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், எது வந்தாலும் அன்று லென்ஸ் கிடையாது, அன்றே டாக்டர். இதைச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, மறைக்காமல் சொல்கிற பிள்ளையாகவும் இருக்க வேண்டும்.

செலவு எங்களுக்கு முதல் வருஷம் நாற்பதாயிரத்துக்கு மேல். வருஷா வருஷம் லென்ஸ் மாற்றச் சொல்கிறார்கள். எப்போது ஆரம்பிப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள், எப்போது நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. ஹாங்காங்கிலேயே 2017-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ நிறுத்திய பிள்ளைகளுக்கு விழி மறுபடி வேகமாக நீண்டது. ஏழில் ஆரம்பித்தால் குறைந்தது ஏழெட்டு வருஷம் ஓட்ட வேண்டும், நடுவில் கைக்காசு தீர்ந்தது என்று விட முடியாது. மகளுக்கு ஒரு வருஷத்தில் 24.3 என்பது 24.45 ஆகியிருக்கிறது. முழுக்க லென்ஸின் வேலை என்று சொல்லமாட்டேன், வயது ஏற ஏற வேகம் தானாகவும் குறையும்.

நண்பரே, உங்கள் பேரனுக்கு ஏழு என்றீர்கள். பவர் வேகமாக ஏறுகிறதென்றால் ஏழு சீக்கிரம் இல்லை, ஆறிலும் போடுகிறார்கள். பவர் அரை, முக்கால்தான், அதுவும் மெதுவாகத்தான் ஏறுகிறதென்றால் ஓடவேண்டாம். முதலில் நீளத்தை அளந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஆனால் பேரன் ராத்திரி யாரிடம் இருப்பான், அந்த வீட்டில் கை கழுவும் பழக்கம் எப்படி, உங்கள் மருமகளுக்கு இன்னொரு வேலையைத் தலையில் கட்டுகிறீர்களா, இதையெல்லாம் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பெரியவன் ஒருநாள் கேட்டான், "எனக்கு ஏன்ப்பா போடல?" எனக்குத் தெரியாதுடா என்றேன். அவனையும் டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஐந்தே கால் என்பது இந்த லென்ஸுக்கான மேல் எல்லையை நெருங்கிவிட்டது, இப்போது ஏற்றமும் நின்றுகொண்டு வருகிறது, கண்ணாடியோடே இருக்கட்டும் என்றார். அவன் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. இந்த மார்ச்சில் நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டு பதினொன்றே காலுக்கு வந்தேன். தாம்பாளம் கழுவிக் கவிழ்த்திருந்தது, டப்பா காலி, மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: ஒன்பதரைக்கு அண்ணன்காரன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "கையக் காட்டு... நகத்துக்குள்ள என்ன? போ, மறுபடி கழுவிட்டு வா" என்று அவளை மூன்று தடவை திருப்பி அனுப்பினானாம்.