ஜூலி தின்ற இரண்டு இட்லி

எங்கள் நாய் ஜூலிக்கு 12 வயது. பாதி லாப்ரடார், பாதி தெரு. தட்டைக் கழுவவே தேவையில்லாதபடி நக்கி வைப்பவள், பொங்கல் கழிந்ததிலிருந்து சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுக்க ஆரம்பித்தாள். "கிழவிக்குக் கொழுப்பு, ரெண்டு நாள் காயப்போட்டா தானா திங்கும்" என்றார் அம்மா. நானும் நம்பினேன்.

இரண்டு மாதம் சமையல்காரன் வேலைதான். ஈரல் வேகவைத்தால் இரண்டு நாள் தின்பாள், மூன்றாம் நாள் வேண்டாம். தயிர்சாதத்தில் தயிரை மட்டும் நக்குவாள். கடைசியில் 3 கிலோ பாக்கெட் தீனி வாங்கி ஒரே நாளில் அதற்கு மாற்றினேன். வயிற்றுப்போக்குதான் மிச்சம். புதுத் தீனியைப் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெதுவாக மாற்ற வேண்டுமாம். எதிர்வீட்டுக்காரர் கறிக்குழம்பு ஊற்றிப் பிசையச் சொன்னார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்று தெரிந்திருந்ததால் அதிலிருந்து மட்டும் தப்பித்தாள்.

ஒரு நாள் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஆசையாகத்தான் வந்தாள். ஒரு துண்டைக் கவ்வி, தலையைச் சாய்த்து, இடது பக்கம் ஒதுக்கி மென்றாள். பாதியில் கீழே விழுந்தது. விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள், எடுக்கவில்லை. இது கொழுப்பு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். வலது மேல் கடைவாய்ப் பல் முழுக்கப் பழுப்புக் காறை, ஈறு வீங்கி, கிட்டப் போக முடியாத நாற்றம். எடையும் 28 கிலோவிலிருந்து 24-க்கு இறங்கியிருந்தது. சிறுநீரகக் கோளாறில் குமட்டல் வந்தாலும் நாய் இப்படித் தட்டு வரை வந்து திரும்பும் என்று ரத்தப் பரிசோதனையும் எடுத்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாகவே இருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுக்க நாள் குறித்தோம்.

அந்த நாளில்தான் கூத்து. காலையில் ஜூலி அதிசயமாக இரண்டு இட்லி தின்றாள். எனக்கு வாயெல்லாம் பல். நாயை ஏற்றமாட்டேன் என்ற மூன்று ஆட்டோவை விட்டு, நாலாவதுக்கு இரட்டைக் கூலி கொடுத்துப் போய், முன்மேசையில் இருந்தவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். "வெறும் வயித்தோட இல்ல சார் கொண்டாரணும்? இன்னைக்கு முடியாது." யாரும் சொல்லவில்லையே என்றேன். "அதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்" என்று பதிவேட்டைப் புரட்டினார். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும், நியாயம்தான். ஆனால் நாள் குறித்தபோதே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆகவே, முதல் நாள் இரவு எத்தனை மணிக்குமேல் சாப்பாடு கூடாது, தண்ணீர் எதுவரை தரலாம் என்று நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பல் போனது. பத்து நாளில் தின்ன ஆரம்பித்தாள்.

ஆனால் பழைய வேகம் இல்லை. வயதானால் மோப்பமும் மங்குமாம், அதனால் சாப்பாட்டை விரலுக்கு இதமான சூட்டில் வைக்கிறேன். வாசனை எழும்பினால் வருகிறாள். தட்டு டைல்ஸில் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு கோணி. கழுத்து குனிய வலிக்கிறது போல, தட்டைப் பலகைமேல் வைத்தால் நின்று நிதானமாகத் தின்கிறாள். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுவேன், இடையில் பிஸ்கட் கிடையாது. ஆனால் ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பிடிவாதம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். யார் சொன்னாலும் வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்.

வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பாக்கெட் தீனியை இப்போது வெந்நீரில் ஊறவைத்தால் மிச்சமில்லாமல் தின்கிறாள். பாதியைத் தெரு நாய்களுக்குப் போட்டுத் தீர்த்திருந்தேன். சாயங்காலம் ஆறு மணி ஆனால் நாலு பேர் கேட்டில் வந்து நிற்கிறார்கள்.