நாங்க கவனிச்சோம் சார்

"அக்கா, இது நம்ம செல்தானா?" என்று ஆய்வகத்தில் என் ஜூனியர் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளிக்கிழமை நாலில் ஒரு பங்காகப் பிரித்துப் போட்ட எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல், வழக்கமாக நிறைவதற்குப் புதன்கிழமை ஆகிவிடும். ஆனால் அந்தத் திங்கட்கிழமையே ஃப்ளாஸ்கின் அடி முழுக்க நிறைந்து, செல்லுக்கு உணவாக ஊற்றும் மீடியம் சிவப்பு போய் மஞ்சளாகியிருந்தது. எந்தச் செல் என்று அடையாளம் காட்டும் டிஎன்ஏ சோதனையான எஸ்டிஆர் கொடுத்துப் பார்த்துவிடலாமா என்றும் கேட்டாள். நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன், ஐந்து நொடி இருக்கும். "பாசேஜ் கூடிப்போச்சு, இப்படித்தான் இருக்கும். எஸ்டிஆர் எல்லாம் பேப்பர் அனுப்பும்போது பாத்துக்கலாம். நீ முதல்ல கிராஃபை முடி." "சரிக்கா" என்று போய்விட்டாள். பாசேஜ் என்பது செல்லை எத்தனை முறை பிரித்துப் போட்டோம் என்ற கணக்கு.

அந்த ஐந்து நொடியில் என்ன பார்த்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். எம்சிஎஃப்-7 தீவு தீவாக வளரும், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஓரங்கள் தெளிவாக. அன்று தீவுகள் இருந்தன, ஆனால் தீவுகளுக்கு நடுவே இருந்த இடமெல்லாம் வேறு மாதிரி நிரம்பியிருந்தது. அது என் கண்ணில் பட்டதா, இல்லை பின்னால் விஷயம் தெரிந்த பிறகு நானே அந்தக் காட்சியில் சேர்த்துக்கொண்டேனா, எனக்கே நிச்சயமில்லை. பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் கிராஃபை முடிக்கச் சொன்னேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். எம்சிஎஃப்-7 ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குப் பதில் சொல்லும் செல், அதனால் அந்த ஹார்மோனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தாலே அதன் வளர்ச்சி மட்டுப்படும். எங்கள் செல்கள் கொஞ்ச நாளாக அந்த மருந்துக்கு அசையவில்லை. மீடியத்தில் நிறத்துக்காகச் சேர்க்கும் ஃபீனால் ரெட்கூட லேசாக ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும் என்பதால் சோதனைத் தட்டுகளுக்கு அது இல்லாத மீடியம், ஹார்மோன் போகக் கரியால் சுத்தப்படுத்திய சீரம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தோம். அப்படியும் மருந்து வேலை செய்யவில்லை என்றால், மருந்தை எதிர்க்கும் செல் ஒன்று எங்கள் கையில் உருவாகியிருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மூன்று வருடம் உருப்படியாக எதுவும் வராமல் உட்கார்ந்திருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புரியும். அவள் கேள்வி நேராக அதன் மேல்தான் விழுந்தது.

இத்தனைக்கும் இதே கதையை நான் ஜூனியர்களுக்குப் பாடமாகச் சொன்னவள். அட்ரியாமைசின் என்ற மருந்தை எதிர்க்கும் எம்சிஎஃப்-7 என்று பல ஆய்வகங்கள் வருடக்கணக்கில் வளர்த்த ஒரு செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை, மார்பகத்தைச் சேர்ந்ததே அல்ல, ஓவ்கார்-8 என்ற சினைப்பைப் புற்றுநோய்ச் செல்லிலிருந்து வந்தது என்று பின்னால் தெரியவந்தது. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு பெயரில் இருந்த 18 மனிதச் செல் லைன்களில் ஒரே வகை நொதி இருப்பதைக் காட்டி, அவை எல்லாமே ஹீலா என்ற, வேகமாக வளரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்லாக இருக்கலாம் என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அந்தக் காலத்து ஆட்களை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டும் இருக்கிறேன்.

அவள் கேட்டு ஆறு வாரம் கழித்து எங்கள் செல்லின் எஸ்டிஆர் முடிவு வந்தது. ஹீலா. கொஞ்சம் கலந்துகூட இல்லை, முழுக்க ஹீலா.

எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கிருமி படாமல் வேலை செய்யும் ஒரே ஹூடில் எம்சிஎஃப்-7, ஹீலா இரண்டையும் வைத்து வேலை செய்தோம், அவசரத்தில் ஒரே மீடியம் பாட்டிலையும் இரண்டுக்கும் எடுத்திருக்கலாம், யார் எடுத்தது என்று சொல்ல முடியாது, நானாகவும் இருக்கலாம். அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹீலா 24 மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றும் எம்சிஎஃப்-7க்கு 36 மணி நேரம் என்றும் வைத்துக்கொண்டால், ஆறு நாளில் முதலாவது 64 மடங்கு, மற்றது 16 மடங்கு. ஆறு நாளைக்கு ஒருமுறை ஹீலாவின் பங்கு நாலு மடங்கு ஏறுகிறது. பத்து லட்சத்தில் ஒரே ஒரு செல்லாக உள்ளே போனாலும் 60 நாளில் சரிபாதி. அதற்கு மேல் தீவுகள் இருந்த இடமே தெரியாது. அதாவது அவள் கேட்ட அந்தத் திங்கட்கிழமை, ஃப்ளாஸ்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அன்று நிறுத்தியிருந்தால் சில வாரத்து வேலைதான் போயிருக்கும். நிறுத்தாததால் அவளுடைய நாலு மாதம் போனது.

ஆனாலும் என்னை இன்னும் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுவல்ல. பாசேஜ் கூடினால் செல்லின் குணம் மாறுவது உண்மைதான், எஸ்டிஆர் கொடுக்கப் பணம் கேட்டு நிற்க வேண்டியிருந்ததும் உண்மைதான், என் இடத்தில் இருந்த பலரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தப்பான முடிவு, அவ்வளவுதான். அப்புறம் நடந்த மீட்டிங்தான்.

கைடு கோபப்படவில்லை. அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டு, "இத்தனை நாள்ல யாருக்குமே சந்தேகம் வரலையா?" என்று மட்டும் கேட்டார். அவள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், பேசவில்லை. நான் சொன்னேன்: "செல் கொஞ்சம் வேகமா வளருதுன்னு நாங்க கவனிச்சோம் சார். பாசேஜ்னு நினைச்சோம்."

நாங்க. யோசிக்காமல் வந்த சொல், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கவனித்தது அவள். பாசேஜ் என்றது நான். ஒரே சொல்லில் அவள் கண்டதில் பாதி எனக்கு வந்துவிட்டது, நான் தள்ளியதில் பாதி அவள் தலையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு குழுவாகப் பழியை ஏற்பதுதானே நல்லது, அவளைத் தனியாகச் சொல்லியிருந்தால் "அப்போதே ஏன் என்னிடம் வரவில்லை" என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்திருக்கும் என்றும் சில நாள் தோன்றுகிறது. அது நடந்தும் இருக்கலாம். ஆனால் அதை நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை, அது பிறகு வந்த நியாயம்.

வெளியே வந்ததும் அவள், "பழைய எம்சிஎஃப்-7 குப்பி ஒண்ணு நைட்ரஜன்ல உறைஞ்சு இருக்குக்கா, எடுத்து உருக்கட்டுமா?" என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், "எடு" என்றுதான் வந்தது. அந்தக் குப்பியில் இருந்த செல் சரியாகவே இருந்தது, எஸ்டிஆரும் பொருந்தியது, டமாக்ஸிஃபெனுக்கு ஒழுங்காக மட்டுப்பட்டது.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் புதிதாக எந்தச் செல்லை எழுப்பினாலும் முதலில் எஸ்டிஆர், ஒரு ஹூடில் ஒரு நேரத்தில் ஒரே செல், ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில். இந்த விதிகளை எழுதி ஒட்டியது நான். ஆனால் போன மாதம் வேறொரு பையன் ஏதோ தட்டைக் காட்டி, "சரியா இருக்கா அக்கா?" என்றபோது, என் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே "இருக்கும், இருக்கும்" என்றேன். அவன் போன பிறகுதான் உறைத்தது. எழுந்து போய் அந்தத் தட்டைப் பார்த்தேன், ஒன்றுமில்லை, நல்ல செல்தான்.

அன்று சாயங்காலம் என் குறிப்பேட்டில் அந்தத் திங்கட்கிழமையின் பக்கத்தைத் தேடினேன். "எம்சிஎஃப்-7, நிறைந்தது, பிரித்தேன்" என்று மட்டும் இருந்தது. அவள் கேட்டது எதுவும் அதில் இல்லை. பழைய பக்கத்தில் எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி, அதனால் புதிய பக்கத்தில் எழுதும் நாளின் தேதியையே போட்டு, அவள் பெயரை எழுதி, அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பதை வரிவரியாக எழுதினேன். குறிப்பேட்டில் வாராவாரம் கைடு கையெழுத்துப் போடுவார். இந்த வாரம் இன்னும் கொண்டுபோய் வைக்கவில்லை.