சேலத்து வெயிலுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: காசை எதில் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

வீடியோவில் வரும் பாகப் பட்டியலை அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வீடியோக்களின் சோதனைகள் பெரும்பாலும் ஏசி அறையில் நடக்கின்றன. சித்திரை மாதம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் மதியம் மூன்று மணிக்கு ஃபேன் ஓடினாலும் 37, 38 டிகிரி இருக்கும். அறை எவ்வளவு சூடேறுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் கிராபிக்ஸ் கார்டிலும் ஏறும். 24 டிகிரி அறையில் 66 காட்டுகிற கார்டு இங்கே 80-ஐத் தொடும். ஆகவே சேலத்தில் செட் போட்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு அடுத்தபடி காசு போக வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) கேபினெட்டுக்கும்தான். மதர்போர்டிலும் கலர் லைட்டிலும் தாராளமாகச் செலவைக் குறைக்கலாம்.

மானிட்டர் சேர்க்காமல் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 முதல் 40 சதவீதம் கார்டுக்கே போகும். 1080பி மானிட்டரில் ஆட ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 5060 இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். முதலாவது 160 வாட், இரண்டாவது 145 வாட். இந்த இரண்டில் என் ஓட்டு 16 ஜிபிக்கு. 8 ஜிபி கார்டில் மெமரி நிரம்பினால் டெக்ஸ்சர்கள் பிசிஐஇ (கார்டு சொருகும் ஸ்லாட்டின் பாதை) வழியாக ரேமுக்கும் கார்டுக்கும் போய்வர ஆரம்பிக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) நன்றாகத்தான் தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு நொடி திக்கும். 5060 பிசிஐஇயின் எட்டு லேனில் (தடத்தில்) மட்டும் ஓடும் கார்டு. பழைய பி450 போர்டில் அதைச் சொருகினால் பிசிஐஇ 3.0 வேகம்தான் கிடைக்கும், திக்கல் இன்னும் கூடும். 9060 எக்ஸ்டியில் 8 ஜிபி மாடலும் உண்டு. பெயர் ஒன்றுதான் என்பதால் பெட்டியில் எத்தனை ஜிபி என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ப்ராசஸருக்கு ரைசன் 5 7600 போதும். ஆறு கோர், 65 வாட் என்று பெயர், முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். கையோடு கூலர் வரும். சின்ன கிராபிக்ஸும் உள்ளே இருக்கிறது. கார்டு வாரண்டிக்குப் போயிருக்கும் வாரங்களில் அதன் அருமை தெரியும். கொஞ்சம் மலிவான 7500எஃப்பில் அது கிடையாது. இது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது ப்ராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் பிறகு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ரைசன் 5 5600-உம் டிடிஆர்4 ரேமும் இன்னும் ஓடும் கூட்டணிதான். அடுத்த கட்டத்துக்குப் போக அதில் வழி குறைவு.

போர்டு பி650எம் போதும். ஹீட்சிங்க் (சூட்டை வாங்கும் உலோகத் தகடு) மூடிய விஆர்எம் (ப்ராசஸருக்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும் பகுதி), நான்கு ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2 ஸ்லாட், பென் டிரைவ் மூலம் பயாஸ் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) ஏற்றும் பட்டன், இவ்வளவு இருந்தால் சரி. 9000 வரிசை ப்ராசஸர் வாங்கினால் அந்தப் பட்டன் கட்டாயம், ஏனெனில் கடை அலமாரியில் கிடக்கும் பழைய போர்டு அதை அடையாளம் காணாது.

ரேம் 16 ஜிபி இரண்டு குச்சி, டிடிஆர்5, 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு). 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய பிறகு பலர் "இப்போதைக்கு ஒன்று" என்று ஒற்றைக் குச்சி வாங்குகிறார்கள். அதில் பேண்ட்விட்த் (ரேம் தரவு அனுப்பும் வேகம்) பாதியாகிவிடும். அதற்கு 8 ஜிபி இரண்டு வாங்குவது மேல். ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் சொருகுங்கள். எஸ்எஸ்டி 1 டிபி, ஜென்4 என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் சொருகும் வேகமான வகை). அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இனி எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு "ஃப்ரீயாக" வரும் 500 வாட் டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள், பழைய ரேடியோ மாதிரி லேசாக இருக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12 ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். மிச்ச 200 வாட் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று கணக்குக்கு எழுதியது. நல்ல 550 வாட் சப்ளையில் இந்தக் கட்டத்தில் 45 ஆம்பியர் வாக்கில் இருக்கும். நம் செட் முழு வேகத்தில் 300 வாட்டைச் சுற்றியே இழுக்கும் என்பதால் 550 போதும். பிறகு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650.

80 பிளஸ் ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவு, அதுவும் சுமார் 23 டிகிரி சூட்டில் எடுப்பது. தயாரிப்பாளரின் பக்கத்தில் "40 டிகிரியில் முழு வாட்" என்றா, "50 டிகிரியில்" என்றா போட்டிருக்கிறது என்று தேடுங்கள். கேபினெட்டுக்குள் 45 டிகிரி சாதாரணமாக வரும் ஊரில் 50 டிகிரி சப்ளைதான் எழுதிய வாட்டைத் தரும். இன்னொன்று, இன்புட் 200–240 வோல்ட் என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் தெரு முழுக்க ஏசி ஓடும் இரவில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் வீடுகள் உண்டு. 100–240 போட்ட சப்ளை ஸ்டெபிலைசர் இல்லாமலேயே அதைத் தாங்கிவிடும்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் செட்டும் மானிட்டரும் சேர்ந்து அதன் விளிம்பைத் தொட்டு, பீப் அடித்துப் படுத்துவிடும். 1000 விஏ, 600 வாட் எடுங்கள். பேட்டரியில் ஐந்து பத்து நிமிடம் வரும், சேவ் செய்து அணைக்க அது போதும்.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்கம் இருக்கும் குட்டி சுவிட்சைப் பாருங்கள். நார்மல் மோடில் மாறுவதற்கு அது எடுக்கும் நேரத்தில் லைட்டும் ஃபேனும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் பிடித்து வைத்திருப்பது 16, 17 மில்லி செகண்டுக்கான சரக்குதான், அதுவும் நல்ல சப்ளையில். சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைத்தால் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிடும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே அது பேட்டரிக்குத் தாவும். லோ வோல்டேஜ் தெருவில் ராத்திரி முழுக்க டிக் டிக் என்று மாறி மாறி பேட்டரியைத் தின்னும். அங்கே தனி யுபிஎஸ்தான் வழி.

கேபினெட் மூலையில் விரல் பட்டால் சுரீர் என்கிறதா? எஸ்எம்பிஎஸ் பழுது என்று உடனே மாற்றப் போகாதீர்கள். அதன் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத பிளக்கில் அவற்றின் நடுப்புள்ளி, அதாவது உங்கள் கேபினெட், பாதி வோல்டேஜில் மிதக்கும். மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் 230 வாக்கில் வர வேண்டும். 100, 120 என்று அலைந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்படியே போர் மோட்டார் லைனிலிருந்து இந்த பிளக்கைப் பிரித்துத் தரவும் சொல்லிவிடுங்கள்.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடி என்றால் வேண்டாம், வலைதான் வேண்டும். முன்னால் 120 மிமீ ஃபேன் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி நுழையாது, ஃபில்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி மாதிரி தறி ஓடும் பகுதிகளில் இது ரொம்ப முக்கியம். பஞ்சுத் தூசி மண்தூசி மாதிரி படியாமல் ஹீட்சிங்கின் முகத்தில் மெத்தையாக ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். உள்ளே புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். 7600-உடன் வரும் கூலர் நம் கோடையில் ஓடும், ஆனால் கத்தும். நான்கு ஹீட் பைப் உள்ள ஒற்றை டவர் கூலர் அமைதியாக இருக்கும். அதன் உயரம் 155 மிமீ என்றால் கேபினெட்டில் 160 மிமீ இடம் இருக்கிறதா என்று அளவுப் பட்டியலில் பாருங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கணக்கே வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிந்திருந்தாலும் அந்தக் குளிர் அதை ஈடுகட்டிவிடும், டவர் கூலர் காசு மிச்சம். அங்கே எதிரி ஈரமும் இடியும். வெளிச்சுவரை ஒட்டித் தரையில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் அணைத்துப் போடாமல் அவ்வப்போது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது எல்லோருக்கும் தெரியும், லேன் கேபிளை மறந்துவிடுவார்கள். இன்டர்நெட் ஃபைபரின் கண்ணாடி வழியாக மின்சாரம் வராது, ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் இறங்கும். சேலத்தில் செட் போட்டு மேலே கொண்டுபோனால் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கனம் ஒற்றை ஸ்லாட்டில் தொங்கி ஆடும்.

பூட்டி முடித்து முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிடம் கருப்புத் திரைதான். டிடிஆர்5 தன் டைமிங்கைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து அணைத்து அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிள் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. 7600-இல் போர்டிலும் படம் வந்துவிடுவதால், கேம் மட்டும் நகராமல் "கார்டு டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸில் ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 60-இலேயே நிற்கும், 144-ஓ 180-ஓ நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஏற வேண்டும். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டுமாவது வாங்காதீர்கள், வாரண்டி கேட்கப் போகும் பாகங்கள் அவைதான். வாரண்டிக்குக் கொடுத்தால் சேலத்திலேயே வாங்கிக்கொள்வார்களா, கோவைக்கோ சென்னைக்கோ நீங்களே அனுப்ப வேண்டுமா என்று காசு கொடுக்கும் முன்னே கேளுங்கள். நீங்களே அனுப்ப வேண்டியிருந்தால் கார்டின் பெட்டியும் உள்ளே இருக்கும் பஞ்சும் தேவைப்படும், பரணில் போட்டு வையுங்கள்.